சிவப்புக் கதவு வீடு

மாப்பிள்ளை கனடாவிலிருந்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினேன். இரண்டு மாடிச் செங்கல் வீடு. வாசலில் வெள்ளைத் தூண்கள். சிவப்புக் கதவு. கதவுக்கு இருபுறமும் பூத்தொட்டி. முன்னால் மாப்பிள்ளை பகாரி நிற்கிறார். கைகள் சட்டைப்பையில். குளிரில் சிரிப்பு கொஞ்சம் கோணியிருக்கிறது.

எங்கள் ஊரான செகூவில் எனக்கு வெங்காய வியாபாரம். வருகிறவர் போகிறவர் அதிகம். எல்லோரும் படத்தின் முன் நின்று கை ஏந்தினார்கள். "இந்த வீட்ல ஆள் குறையக் கூடாது வொரோக்கியா" என்றார்கள். நான் ஆமீன் சொன்னேன்.

சிதிகி மட்டும் கை ஏந்தவில்லை.

சிதிகி ஜாரா அடுத்த வீட்டுக்காரன். நாங்கள் திராவோரே குலம். திராவோரேயும் ஜாராவும் கேலி முறை. அவன் எனக்கு அடிமை, நான் அவனுக்கு அடிமை. அவன் பயறு தின்னி, நானும் பயறு தின்னி. எவ்வளவு திட்டினாலும் கோபம் வரக்கூடாது. வந்தால் ஊர் சிரிக்கும். என் கணவர் இறந்த அன்று சிதிகி வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டான். "என் அடிமைய எங்கே தூக்கிட்டுப் போறீங்க? வேலை பாக்கி இருக்கு. எந்திரிக்கச் சொல்லுங்க" என்று கத்தினான். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அதன் பிறகுதான் எனக்குத் தண்ணீர் இறங்கியது.

அவன் படத்துக்கு மூக்கு படுகிற தூரத்தில் நின்றான்.

"வாசல்ல ஒரு செருப்புகூட இல்லையே."

"குளிர் ஊருடா. உள்ளே கழட்டுவாங்க."

"ஜன்னல்ல ஒரு புள்ளைகூட எட்டிப் பாக்கல. ஒரு துணி காயல. இதுல ஆள் இருக்கற மாதிரியே தெரியலயே."

"பயறு தின்னா வயிறுதான் ஊதும்னு நெனச்சேன். உனக்குக் கண்ணும் ஊதிப்போச்சு."

"போய்ப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு" என்றான்.

பேத்தி ஆவா பிறந்தாள். மகள் அசித்தான் கனடாவுக்கு அழைத்தாள். நான் அந்த ஜன்னல்களைப் படத்தில் விரலால் அளந்து, நீலச் சாயத் துணியில் நீளமாகத் திரைகள் தைத்தேன். சிவப்புக் கதவைத் தாண்டும்போது வலது காலை வைப்பது, இன்ன இன்ன வாழ்த்துச் சொல்வது, எல்லாம் முடிவு செய்திருந்தேன். விமானத்தில் தூங்கவில்லை. வாழ்த்தைச் சொல்லிப் பார்த்தபடியே போனேன்.

அங்கே பகாரி கார் கொண்டுவந்திருந்தார். அசித்தான் குழந்தையோடு பின்னால் என் பக்கத்தில். வெளியே எல்லாம் வெள்ளை. ஊருக்குள் நுழைந்ததும், "ஆறு எங்கே?" என்று கேட்டேன். எங்கள் ஜோலிபா ஆற்றைவிட அகலம் என்று அசித்தான் சொல்லியிருந்தாள்.

"அதோ அதான் ஆறு."

வெள்ளை மைதானம் ஒன்று தெரிந்தது. நடுவில் குடிசைகள். கார்கள். தரையில் ஓட்டை போட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரே உறைந்து தரையாகியிருந்தது.

பிறகு அந்த வீடு வந்தது. தூண்கள், சிவப்புக் கதவு, எல்லாம் அப்படியே. தொட்டியில் பூ மட்டும் இல்லை. தலைத்துணியைச் சரிசெய்தேன். கைப்பையை மடியில் எடுத்து வைத்தேன்.

கார் நிற்கவில்லை.

பகாரி நேரே சாலையைப் பார்த்தார். அசித்தான் குழந்தையைப் பார்த்தாள். நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

இரண்டு தெரு தள்ளி கார் நின்றது. வாழ்த்தெல்லாம் மேலே ஏறுவதற்காகத் தயார் செய்திருந்தேன். நாங்கள் கீழே இறங்கினோம். பனி வழித்த படிகள், அடியில் ஒரு கதவு, அதற்குள் இரண்டு அறை. ஜன்னல் கூரையை ஒட்டி ஒரு ரொட்டி அகலம். அதையும் பனி மூடியிருந்தது. வலது காலை வைத்து நுழைந்தேன். வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

முதல் நாளே தெரிந்துவிட்டது. இந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதில்லை.

"ஆவா, உங்க அப்பாகிட்ட சொல்லு, உப்பு தீந்துபோச்சு."

"ஆவா, உங்கம்மாகிட்ட சொல்லு, சாயங்காலம் வாங்கிட்டு வர்றேன்."

ஆவாவுக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் கேட்க முடியாது. மாமியார் மருமகனிடம் அப்படியெல்லாம் கேட்பது எங்களுக்கு வழக்கமில்லை. முகத்துக்கு நேரே பேசுவதே கூச்சம். செகூவில் அவர் வந்தால் நான் உள்ளே போவேன், நான் வந்தால் அவர் முற்றத்துக்குப் போவார். இங்கே முற்றம் இல்லை. உள் இல்லை. குளியலறை ஒன்றுதான். நான் போனால் அவர் வெளியே பனியில் நின்றார். அவர் போனால் நான் சுவரைப் பார்த்து நின்றேன். கடைசியில் நான் கொண்டுபோன நீலத் திரைகளை அறையின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அவ்வளவு நீளத் துணி அதற்காவது ஆயிற்று. ஒரு பக்கம் என் படுக்கை. மறுபக்கம் அவர்கள் வாழ்க்கை.

அவர் வேலைக்குப் போனதும் அசித்தான் திரைக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

"அந்த வீடு எங்க வீடு இல்லம்மா."

"தெரியுது."

"வந்த புதுசுல எடுத்த படம். பாக்க நல்லா இருந்துச்சுன்னு நின்னு எடுத்துக்கிட்டாரு. வீடுன்னு அவர் சொல்லல. நீதான் சொன்ன. அப்புறம் இல்லன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. நீ வர்றதுக்குள்ள சொல்லிடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். சொல்லல. அன்னிலேருந்து நான் பேசறதில்ல."

"யாரு வீடுடி அது?"

"அத மட்டும் கேக்காத."

பகாரி செகூவில் புவியியல் வாத்தியார். எந்த நாட்டின் ஆறு எந்தக் கடலில் விழும் என்று தூக்கத்தில் சொல்வார். இங்கே ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறார். அது குற்றமா? துணி என்றால் அழுக்காகும். யாராவது வெளுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் என் முகத்தில் விழிக்கக் கூசினார். நான் எழுமுன் போனார். நான் படுத்தபின் வந்தார். அதுவும் போதாதென்று வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். அங்கே ஆண்கள் மட்டும் முகாமில் இருப்பார்கள். மாதக்கணக்கில் வரமாட்டார்கள். திங்கட்கிழமை கிளம்புவதாக ஆவாவிடம் சொன்னார்.

"அவர் போனா நானும் புள்ளையும் உன்னோட செகூவுக்கு வந்துடறோம்" என்றாள் அசித்தான். "திரும்பி வரமாட்டேன்." அவள் அழவில்லை. குழந்தையின் சின்னச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பேத்தியைப் பார்க்கப் போனவள் மகள் குடும்பத்தைக் கலைத்துக்கொண்டு திரும்பி வரப்போகிறேன். நான் வராமலிருந்தால் அந்தப் படம் படமாகவே இருந்திருக்கும்.

செகூவாக இருந்தால் இது அரைநாள் வேலை. சிதிகி வந்து வாசற்படியில் உட்காருவான். இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டுவான். சமாதானம் ஆகும்வரை எழமாட்டான். ஜாரா கேட்டால் திராவோரே மறுக்க முடியாது. மாப்பிள்ளையும் திராவோரேதான். ஆகவே அவனுக்குப் போன் செய்தேன்.

"மொதல்ல வீடு எப்படி? அதச் சொல்லு."

"வீட்ட விடு. இங்கே ஒரு சண்டை. நீ தீத்து வெக்கணும்."

"போன்லயா? என் குண்டி உன் வாசப்படில படாம சமாதானம் எப்படி வரும்?"

"திட்டிப் பாரேன்டா."

பகாரி வந்ததும் போனை அசித்தான் கையில் கொடுத்து அனுப்பினேன். "டேய் பயறு தின்னி, என்னடா அங்கே ரகளை" என்று சிதிகியின் குரல் திரைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. "சிக்னல் சரியில்ல மாமா" என்றார் பகாரி. போன் ஓய்ந்தது. வாசலில் உட்கார்ந்திருக்கிற ஜாராவை அப்படி அணைக்க முடியாது.

மறுபடி கூப்பிட்டேன்.

"அங்கேயே ஒரு ஜாராவப் புடி" என்றான் சிதிகி. "நாங்க இல்லாத ஊரு உண்டா?"

"இருக்கலாம். இந்த ஊர்க்காரங்க காலையிலேயே பயறு திங்கறாங்கடா. சக்கரைப்பாகு ஊத்தி."

"பாத்தியா! எங்க ஊர்தான் அது. பின்ன என்ன, தேடு."

தேடினேன். குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு, மேலே அசித்தானின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு தினமும் நடந்தேன். எங்கள் நிறத்தில் யாரைப் பார்த்தாலும் குலப்பெயர் கேட்டேன். காய்கறிக் கடையில் ஒருவர் ஹைட்டிக்காரர். தெரோசியே என்றார். தெரோசியேயை என்ன சொல்லித் திட்டுவது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வாழைக்காய் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். தபால்காரப் பெண் கேமரூன்காரி. வெறும் சிரிப்புதான் கிடைத்தது. மற்றபடி ஊரில் எல்லோரும் மரியாதை. வணக்கம், மன்னிக்கவும், நன்றி. பனியில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட்டு அவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு சுடுசொல் இல்லை. நாக்கு துருப்பிடித்துவிடும்போல் இருந்தது.

ஒருநாள் குழந்தையை அசித்தானிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். கால்கள் அந்தச் சிவப்புக் கதவுக்கே கொண்டுபோயின.

வாசல் நிறையக் கார்கள். நல்ல கறுப்பு உடையில் ஆண்களும் பெண்களும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் பூ. ஒரு சத்தம் இல்லை. பெரிய இடம் என்று புரிந்தது. கதவு திறந்திருந்தது. அந்த வீட்டை இத்தனை நாள் என் கூடத்தில் வைத்திருக்கிறேன். ஒரு முறை உள்ளே பார்த்தால் என்ன?

வாசலில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் நின்றார். குரலைத் தாழ்த்தி, "நெருங்கின சொந்தமா மேடம்?" என்று கேட்டார்.

"இந்த வீடு எங்க வீட்ல ரொம்ப நாளா இருக்கு" என்றேன்.

தலையசைத்தார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். "தைரியமா இருங்க" என்றார். குளிரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இந்த ஊரில் என் குளிரைப் பற்றி அக்கறைப்பட்ட முதல் ஆள்.

உள்ளே கம்பளம். விளக்குகள். காப்பி கொடுத்தார்கள். முக்கோணமாக வெட்டிய சின்ன ரொட்டி கொடுத்தார்கள். ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். உள்ளறைக்கு ஒரு வரிசை போயிற்று. வாசலில் பூ குவிந்திருந்தது. மணப்பெண் உள்ளே இருக்கிறாள் என்று நினைத்தேன். எங்களிலும் அப்படித்தான் உள்ளே வைப்போம். வயதான அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெண்ணைக் கொடுத்தவள் அழத்தானே செய்வாள்? பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். "எல்லாருக்கும் இதுதான். இன்னிக்கு உங்க வீடு, நாளைக்கு எங்க வீடு" என்றேன். என் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள்.

கிளம்பும்போது, இத்தனை தூரம் சுமந்து வந்த வாழ்த்து வீணாக வேண்டாம் என்று தோன்றியது. கோட்டுக்காரர் முன் கை ஏந்தினேன்.

"இந்த வீட்டுக்கு ஆள் வரத்து குறையவே கூடாது. ஒரு நாள்கூட சும்மா இருக்கக் கூடாது. இன்னிக்கு வந்தவங்க எல்லாரும் மறுபடி மறுபடி வரணும். புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வரணும்."

அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். "நன்றி மேடம்" என்றார் பிறகு.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை கூசுகிற இடத்துக்கு மாமியார் போய்க் காப்பி குடித்தேன் என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை ஆவாவுக்கு ஊசி. அசித்தானோடு மருத்துவமனைக்குப் போனேன். கூடத்தில் எல்லோரும் தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பெயர் கூப்பிட்டாள்.

"திரு. ஜாரா."

ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட நெட்டை மனிதன் ஒருவன் எழுந்தான். கையில் கட்டு. எங்கள் நிறம். எங்கள் முகவெட்டு.

நான் எழுந்தது எனக்கே தெரியாது. அவசரத்தில் எங்கள் பேச்சு வரவில்லை, இந்த ஊர்க்காரர்களுக்கும் புரிகிற பிரெஞ்சிலேயே வந்துவிட்டது.

"அடேய் என் அடிமையே! நீ இங்கேதான் ஒளிஞ்சிருக்கியா? உன்னை யாருடா செருப்புப் போட்டுக்க விட்டது?"

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. என் பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேசைக்காரி எழுந்து நின்றாள். முகம் சிவந்துபோயிற்று.

"மேடம், இங்கே அப்படிப் பேசக் கூடாது. இந்த ஊர்ல யாரும் யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது." அவனிடம் திரும்பினாள். "சார், நாங்க ரொம்ப வருத்தப்படறோம். புகார் குடுக்கறீங்களா?"

காவலாளி வந்தான். அசித்தான் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, உக்காரும்மா. விமானத்துல ஏத்தி அனுப்பிடுவாங்க."

அந்த மனிதன் என் பக்கம் திரும்பினான். என்னையே பார்த்தான்.  ஜாரா வீட்டில் பிறந்தும் முறை தெரியாமல் வளர்ந்தவனாக இருந்தால்?

"திராவோரேயா?" என்றான்.

"வேற யாருடா உன்னை இப்படித் திட்டுவா?"

"எந்த ஊரு?"

"செகூ."

அவன் மேசைக்காரியிடம் திரும்பினான். "ஆமா. புகார் குடுக்கணும்."

அவள் பேனாவை எடுத்தாள்.

"இந்தப் பொம்பளை எங்க வீட்டு அடிமை. பயறு திருடித் தின்னுட்டு எங்க பாட்டன் காலத்துல ஓடிப்போனவ. இன்னிக்குத்தான் புடிச்சேன். கட்டிப்போடக் கயிறு இருக்கா உங்ககிட்ட?"

"யாருடா திருடி? உங்க பாட்டன் எங்க வீட்டுக் கழுதைக்குத் தண்ணி காட்டினவன்!"

"கழுதை இல்ல, அது உங்க மாமா!"

கூடம் முழுக்கச் சிரித்தோம். கூடம் முழுக்க என்றால் நாங்கள் இரண்டு பேர். மற்றவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்காரி பேனாவை மூடி உட்கார்ந்தாள். காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெயர் யாயா ஜாரா. ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவன். இந்த ஊரில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறான்.

"இங்கே வந்ததுலேருந்து யாரும் என்னைத் திட்டல அத்தை. எல்லாரும் நல்லவங்க. தாங்க முடியல."

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்தினான்.

"சிவப்புக் கதவா?"

"ஆமா."

"வெள்ளைத் தூணு? ஆத்துக்குப் போற தெருவுல?"

"ஆமா. யாரு வீடு அது? உனக்குத் தெரியுமா?"

கட்டுப்போட்ட கையை வாயில் வைத்துக்கொண்டு இருமினான். இருமல் நிற்க நேரமாயிற்று. "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றான். "பயறு ஊற வையி."

ஞாயிற்றுக்கிழமை பகாரியின் பெரிய பை கதவருகே கட்டித் தயாராக இருந்தது. கதவு தட்டும் சத்தம். பகாரி திறந்தார். நான் திரையில் ஒரு விரல் அளவுக்கு இடைவெளி வைத்துக்கொண்டேன்.

யாயா கடைசிப் படியில் பனிமேல் உட்கார்ந்திருந்தான்.

"இது திராவோரே வீடா, எலி வளையா?"

"நீங்க யாரு?"

"உன் எசமான். ஜாரா. பயறு வெந்துச்சா?"

பகாரியின் முதுகு நிமிர்ந்தது. பிறகு குறுகியது. இந்த வாசற்படியில் ஒரு ஜாரா எதற்கு உட்காருவான் என்று அவருக்குத் தெரியும்.

"உள்ளே வாங்கண்ணே. பனி."

"வரமாட்டேன். இந்த வீட்ல புருஷன் பொண்டாட்டி பேசற சத்தம் கேக்கணும். கேக்கற வரைக்கும் இதான் என் நாற்காலி."

குளிர் உள்ளே வந்தது. அசித்தான், "ஆவா, உங்க அப்பாகிட்ட சொல்லு, கதவைச் சாத்தணும்" என்றாள்.

"பாத்தியா!" என்றான் யாயா. "பல்லு மொளைக்காத புள்ளைய ஊழியத்துக்கு வெச்சிருக்காங்க. திராவோரே புத்தி."

பகாரி கதவைப் பிடித்தபடி நின்றார்.  யாயா படியில் அசைந்து உட்கார்ந்தான்.

"எனக்குக் கீழ்ப்பக்கம் ஏற்கெனவே இல்ல. இன்னும் கொஞ்சம் போனா மேல்பக்கமும் போயிடும். செத்தா என்னைத் தூரமாத் தூக்கிட்டுப் போகவேணாம். ரெண்டு தெரு தள்ளி உன் பங்களா இருக்குல்ல, அங்கே கொண்டு போட்டுடு. அவங்க பாத்துக்குவாங்க."

"அண்ணே" என்றார் பகாரி.  "அத்தை இருக்காங்க."

"இருக்கட்டும். கேக்கட்டும். ஊரே பாத்து வாயப் பொளக்கற மாதிரி ஒரு வீட்டுல நின்னு படம் எடுத்தியே, உள்ளே யாரு இருக்கான்னு பாத்தியா? தெனம் காலையில அந்த வாசலுக்குப் பனி வழிக்கறவன் நான். அங்கே போறவங்க யாரும் திரும்ப நடந்து வர்றதில்ல."

நான் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். "ஏன் வர்றதில்ல?"

"அது பொணத்தை அலங்காரம் பண்ணி வெக்கற எடம் அத்தை. இந்த ஊர்ல செத்தவங்க கடைசியா அங்கேதான் ரெண்டு நாள் தங்குவாங்க. உங்க மாப்பிள்ளை நாடு விட்டு நாடு வந்து மொத மொதல்ல புடிச்ச வீடு அது!"

பகாரி முகத்தை மூடிக்கொண்டார். அசித்தான் குழந்தையின் தலையில் முகம் புதைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. யாயாகூட நிறுத்திவிட்டான். அதிகமாகப் போய்விட்டோமோ என்று நினைத்திருப்பான்.

நான் அந்தக் கறுப்புக் கோட்டை நினைத்தேன். உள்ளறை வரிசையை நினைத்தேன். அந்த அம்மாளின் முதுகை நினைத்தேன்.

திரையை விலக்காமலே பேசினேன்.

"ஆவா, உங்க அப்பாகிட்ட சொல்லு. பாட்டி அந்த வீட்டுக்குள்ளே போயிட்டு வந்தான்னு."

பகாரியின் கைகள் முகத்திலிருந்து இறங்கின.

"பாட்டி காப்பி குடிச்சா. முக்கோண ரொட்டி தின்னா. கல்யாண வீடுன்னு நெனச்சா. ஒரு அம்மா அழுதுட்டு இருந்தாங்க. இன்னிக்கு உங்க வீடு நாளைக்கு எங்க வீடுன்னு சொன்னா."

"அம்மா!" என்றாள் அசித்தான்.

"அதோட விடல. வாசல்ல கறுப்புக் கோட்டு போட்டவர்கிட்ட கை ஏந்தி துவா செஞ்சா. இந்த வீட்டுக்கு ஆள் வரத்து கொறையக் கூடாது, வந்தவங்க மறுபடி மறுபடி வரணும், புள்ளைகளையும் கூட்டிட்டு வரணும்னு."

முதலில் யாயாவின் சத்தம் கேட்டது. படியிலிருந்து சரிந்து பனியில் விழுந்தான். அசித்தான் தரையில் உட்கார்ந்தாள். பகாரி தன் பயண மூட்டைமேல் உட்கார்ந்து, அதன்மேலேயே கவிழ்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

"அவர் என்னம்மா சொன்னாரு?" அசித்தானுக்கு மூச்சு வாங்கியது.

"நன்றின்னாரு. வேற என்ன சொல்வாரு? வியாபாரி."

மறுபடி சிரித்தார்கள். மேல்வீட்டுக்காரர்கள் தரையைத் தட்டினார்கள். அசித்தான் தோளில் கிடந்த துணியால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஆவாவைப் பார்க்காமல் பகாரியைப் பார்த்தாள்.

"நாளைக்குப் போறீங்களா, இல்லையா?"

நான் போன நாளிலிருந்து அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. படியில் யாயா பனியைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"நான் கேக்கறேன்" என்றான். கேலி இல்லாத குரல். "போகாதே. ஜாரா கேக்கறேன்."

பகாரி அவனைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். கடைசியில் நீலத் திரையைப் பார்த்தார்.

"போகல" என்றார் அசித்தானிடம். "நாளைக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன். அத்தைக்கு மொளகு ஜாஸ்தி போட்டுச் சமை. குளிர்ல இருக்காங்க."

யாயா உள்ளே வந்து கதவைச் சாத்தினான். தட்டு நிறையப் பயறு வைத்தேன். இந்த ஊர்ப் பயறு, இந்த ஊர் முறைப்படி பாகு ஊற்றி. பன்றிக்கறி மட்டும் போடவில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு முகம் சுளித்தான். அப்புறம் வழித்துத் தின்றான். இரண்டாம் முறையும் கேட்டான்.

"எங்க ஊரு பயறுன்னா ருசிதான்" என்றான்.

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த நாட்களில் பகாரி சாயங்காலம் நேரத்தோடு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்த ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று ஆவாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். கொஞ்சம் உரக்கச் சொல்வார். எனக்கும் கேட்க வேண்டும் என்று.

செகூவுக்குத் திரும்பிய அன்று என் பை உள்ளே வருவதற்கு முன் சிதிகி வந்துவிட்டான்.

"சொல்லு. வீடு எப்படி?"

அவனுக்கு மட்டும் சொன்னேன். நாற்காலியிலிருந்து விழுந்தான். எழுந்து படத்தின் முன் போய் நின்றான். "செருப்பில்லாத வீடுன்னு சொன்னேனா இல்லையா?" என்றான். மறுபடி விழுந்தான்.

நான் வேறொரு படமும் கொண்டுவந்திருந்தேன். பனிப் படிகள், அடியில் ஒரு கதவு. கதவுக்கு வெளியே பூட்ஸுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. பகாரியுடையது, அசித்தானுடையது, யாயாவின் படகு மாதிரி இரண்டு. அதைச் சின்னதாகச் சட்டம் போட்டுப் பெரிய படத்துக்குக் கீழே மாட்டினேன். வருகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. சிதிகி மட்டும் பார்த்தான்.

"இதுல ஆள் இருக்கு" என்றான்.

பெரிய படத்தை நான் கழற்றவில்லை. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். மாப்பிள்ளையின் மானம் அந்த ஆணியில் தொங்குகிறது. இப்போதும் வெங்காயம் வாங்க வருகிறவர்கள் அதன் முன் நிற்கிறார்கள். செங்கல்லைப் புகழ்கிறார்கள். கை ஏந்துகிறார்கள். "இந்த வீட்ல ஆள் குறையக் கூடாது" என்கிறார்கள்.

நான் வாயைத் திறப்பதில்லை. மூலையில் உட்கார்ந்திருக்கும் சிதிகிதான் எல்லோருக்கும் கேட்கும்படி ஆமீன் சொல்கிறான்.